மனதைப் படிக்கும் படிப்பு

மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவோம். மருத்துவர் தலையைத் தொட்டுக் காட்டுவார். மனதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் மனம் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மனம் சரியில்லை என்றால் சோறு இறங்காது. தூக்கம் வராது. கை வேலை தப்பும்.

இந்த மனதைப் படிக்க ஒரு படிப்பு இருக்கிறது. அதன் பெயர் உளவியல். உளம் என்றால் மனம். இயல் என்றால் அதைப் பற்றிய அறிவு. மனிதர் எப்படி நினைக்கிறார், எப்படிக் கற்கிறார், எதற்குப் பயப்படுகிறார், ஏன் கோபப்படுகிறார் என்று ஆராயும் படிப்பு இது.

மனதைப் பற்றிப் பேசுவது புதிது அல்ல. நம் பாட்டிமார் பழமொழியில் பேசினார்கள். சித்தர்கள் பாட்டில் பேசினார்கள். புத்தர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ஆனால் பேசுவது வேறு. சோதித்துப் பார்ப்பது வேறு.

தங்கக் கல்லையே எடுத்துக் கொள்வோம். கல்லைப் பார்த்து, "இதில் தங்கம் இருக்கிறது" என்று யாரும் சொல்லலாம். மைன்ஸில் அந்தப் பேச்சு எடுபடாது. கல்லை இடித்துப் பொடியாக்க வேண்டும். ஒரு டன் கல்லில் எத்தனை கிராம் தங்கம் என்று அளந்து சொல்ல வேண்டும். மனதைப் பற்றிய பேச்சையும் இப்படிச் சோதனைக்குக் கொண்டு வந்தார்கள். அப்போதுதான் உளவியல் ஓர் அறிவியல் ஆனது.

ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு

ஜெர்மனி நாட்டில் லைப்சிக் என்று ஓர் ஊர். அங்கே வில்ஹெல்ம் வுண்ட் என்ற பேராசிரியர் இருந்தார். 1879ஆம் ஆண்டு அவர் உளவியலுக்கு என்று ஒரு சோதனைச் சாலையைத் தொடங்கினார். உளவியல் அறிவியலாகப் பிறந்த ஆண்டு என்று இதைத்தான் சொல்வார்கள்.

அங்கே என்ன செய்தார்கள்? ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். "வெளிச்சம் தெரிந்ததும் பொத்தானை அழுத்து" என்பார்கள். கண் பார்க்க வேண்டும். மூளை புரிந்துகொள்ள வேண்டும். விரல் அழுத்த வேண்டும். இதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள். பிறகு வேலையைக் கொஞ்சம் கடினமாக்கினார்கள். ஒரு நிறத்துக்கு வலது கை, இன்னொரு நிறத்துக்கு இடது கை. இப்போது நேரம் கூடியது. கூடிய நேரம் எதற்கு? எந்தக் கை என்று மனம் முடிவு செய்வதற்கு. இப்படி, யோசிக்கும் நேரத்தையும் அளக்க முடிந்தது.

இதை நாமும் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் பையில் ஒரு அடி ஸ்கேல் இருக்கும். ஒருவர் ஸ்கேலின் மேல் முனையைப் பிடித்துத் தொங்க விடட்டும். பூஜ்யம் கீழே இருக்க வேண்டும். இன்னொருவர் அந்தப் பூஜ்யத்துக்கு நேராக இரண்டு விரல்களை விரித்து வைக்கட்டும். ஸ்கேலைத் தொடக்கூடாது. முதல் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட வேண்டும். இரண்டாம் ஆள் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டரில் பிடித்தார் என்று பாருங்கள். 20 சென்டிமீட்டர் என்றால் அவருக்கு ஆன நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இன்னும் சீக்கிரம் பிடித்தால் நேரம் இன்னும் குறைவு.

ஒரு முறை செய்தால் போதாது. பத்து முறை செய்து எழுதுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் செய்யுங்கள். இரவு கண் விழித்த மறுநாளும் செய்யுங்கள். தூக்கம் கெட்டவருக்குப் பொதுவாக நேரம் கூடும். ஓடும் இயந்திரத்தின் முன் இரவு ஷிஃப்டில் நிற்பவருக்கு அந்தச் சின்ன நேரம் விரல் போகிற நேரம்.

கல்கத்தாவிலிருந்து மைசூருக்கு

இந்தப் படிப்பு இந்தியாவுக்கு எப்படி வந்தது? பிரஜேந்திரநாத் சீல் என்ற அறிஞர் கல்கத்தாவில் இருந்தார். உளவியலைச் சோதனை செய்து படிக்கும் பாடமாக அங்கே கொண்டுவரத் துணை நின்றவர் அவர். 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியது. அமெரிக்காவில் படித்து வந்த நரேந்திரநாத் சென்குப்தா அதற்குத் தலைமை ஏற்றார்.

அந்த சீல் 1921இல் மைசூர் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்தார். அவர் காலத்தில், 1924இல், மைசூரிலும் உளவியல் துறை தொடங்கியது. நம் தங்கவயலும் அப்போது மைசூர் அரசில்தான் இருந்தது. ஆனால் இங்கே வந்த பேச்சு எல்லாம் தங்கத்தைப் பற்றித்தான்!

மைசூர் துறையை நடத்தியவர் எம்.வி. கோபாலஸ்வாமி. லண்டனில் படித்தவர். இவரைப் பற்றி இன்னொரு செய்தி. 1935இல் இவர் மைசூரில் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் நடத்தினார். அதற்கு ஆகாசவாணி என்று பெயர். பின்னாளில் அகில இந்திய வானொலியும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி.டி. போவாஸ் உளவியல் துறையைத் தொடங்கினார்.

மக்கு என்று சொல்லலாமா?

உளவியல் வளர வளரப் பல கிளைகள் பிரிந்தன. பள்ளிக்கூடத்தைத் தொட்ட கிளை ஒன்று. பாரிஸ் நகரில் ஆல்பிரட் பினே என்பவர் 1905இல் ஒரு சோதனையைத் தயாரித்தார். சின்னச் சின்னக் கேள்விகள். எந்தப் பிள்ளைக்குப் படிப்பில் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். காமத் என்பவர் அதைக் கன்னடப் பிள்ளைகளுக்கும் மராத்திப் பிள்ளைகளுக்கும் ஏற்றபடி மாற்றி அமைத்தார். பாரிஸ் பிள்ளைக்குத் தெரிந்த பொருள் நம் பிள்ளைக்குத் தெரியாது அல்லவா?

அறிவு பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறது என்று பினே சொல்லவில்லை. பயிற்சியால் வளரும் என்றார். பின்னால் வந்த சிலர் அந்தச் சோதனையையே பிடித்துக்கொண்டு, "இந்தக் கூட்டம் மக்கு, அந்தக் கூட்டம் அறிவாளி" என்று முத்திரை குத்தினார்கள். உதவி செய்ய வந்த கருவி இப்படியும் கெட்டது.

கற்பதைப் பற்றிய கிளை இன்னொன்று. ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி நாய்களை வைத்துச் சோதித்தார். சோறு வைக்கும் முன் ஓர் ஓசை எழுப்புவார். பல நாள் இப்படி. பிறகு சோறு வராமல் ஓசை மட்டும் கேட்டாலே நாயின் வாயில் எச்சில் ஊறியது. பயமும் இப்படித்தான் பழகுகிறது. மைன்ஸ் ஓடிய காலத்தில் இருந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேளை தவறிச் சங்கு ஊதினால் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

கூட்டாளி போனால்

இனி வருவது நமக்கு நெருங்கிய கிளை. தொழில் உளவியல். வேலை செய்யும் இடத்தில் மனம் என்ன ஆகிறது என்று பார்ப்பது இது.

இங்கிலாந்தில் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்று இரண்டு பேர். பாம்ஃபோர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அந்த அனுபவத்தோடு ஆராய்ச்சிக்கு வந்தார். இருவரும் 1951இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

முன்பு சுரங்கத்தில் இரண்டு மூன்று பேர் ஒரு கூட்டாக வேலை செய்தார்கள். கூட்டாளியை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். கரியை வெட்டுவது முதல் ஏற்றி அனுப்புவது வரை அந்தக் கூட்டே செய்தது. ஒருவருக்கு அடிபட்டால் அவர் குடும்பத்தையும் மற்றவர் கவனித்தார். பிறகு பெரிய இயந்திரங்கள் வந்தன. கூட்டு உடைந்தது. வேலை மூன்று ஷிஃப்டாகப் பிரிந்தது. ஒரு ஷிஃப்ட் வெட்டும். அடுத்தது அள்ளும். முன் ஷிஃப்ட் செய்த தப்பு பின் ஷிஃப்ட் தலையில் விழும். பழி போடுவது வளர்ந்தது. வேலைக்கு வராதவர் கூடினார்கள். நோயும் கூடியது.

இயந்திரம் நல்லதுதான். ஆனால் இருட்டில், பூமிக்கு அடியில், பக்கத்தில் நிற்பவன் யார் என்பது மனிதனுக்குப் பெரிய விஷயம். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் ஷாஃப்டில் இறங்கியவர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தப் பாடத்தை இந்தியாவிலும் சோதித்தார்கள். 1953இல் அகமதாபாத் காலிகோ மில்லில் ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் வேலை செய்தார். அங்கே 224 தானியங்கித் தறிகளுக்கு 29 தொழிலாளர்கள். யாருக்கும் சொந்தக் கூட்டு இல்லை. அதை மாற்றி, 7 பேர் கொண்ட சிறு கூட்டுக்கு 64 தறிகள் என்று விட்டார்கள். யார் யார் சேர்வது என்று தொழிலாளர்களே முடிவு செய்தார்கள். நெசவு கூடியது. துணி வீணாவது குறைந்தது.

ஆலை மூடிய ஊர்

இப்போது ஓர் ஊரின் கதை. ஆஸ்திரியா நாட்டில், வியன்னா நகருக்கு அருகே மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊருக்கு ஒரே ஒரு நெசவாலை. எல்லாக் குடும்பமும் அதை நம்பி வாழ்ந்தது. 1930க்குள் ஆலை முழுவதும் மூடிவிட்டது.

மரி யகோடா என்ற இளம்பெண்ணும் அவருடன் சில ஆராய்ச்சியாளர்களும் அங்கே போனார்கள். வெறுமனே கேள்வி கேட்டுப் போகவில்லை. ஊருக்குத் துணி சேகரித்துக் கொடுத்தார்கள். மருத்துவரை அழைத்து வந்தார்கள். ஊரோடு பழகினார்கள். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு, தெருவில் மக்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்றுகூட மறைவாக இருந்து அளந்தார்கள்.

ஆண்கள் மெதுவாக நடந்தார்கள். அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஏன்? ஆலை மூடினாலும் பெண்களுக்கு அடுப்பு மூடவில்லை. துணி துவைப்பதும் பிள்ளையைப் பார்ப்பதும் நிற்கவில்லை. ஆண்களுக்கு நேரம் இருந்தது, வேலை இல்லை. பலர் கடிகாரம் எடுத்துச் செல்வதையே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு செய்தி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஊரில் நூலகம் இருந்தது. வேலை இல்லாதவர்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? கட்டணத்தையும் நீக்கினார்கள். ஆனால் எடுத்துப் போன புத்தகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மனம் சோர்ந்தால், கிடைத்த நேரத்தையும் பயன்படுத்த முடியாது.

இந்த ஆராய்ச்சி 1933இல் புத்தகமாக வந்தது. வேலை கூலியை மட்டும் தருவதில்லை என்று யகோடா பின்னாளில் எழுதினார். வேலை ஒரு நாளுக்குக் காலை, மாலை என்று ஒழுங்கு தருகிறது. நாலு பேரோடு பழக்கம் தருகிறது. "நானும் வேண்டியவன்" என்ற எண்ணம் தருகிறது. வேலை போகும்போது இவை எல்லாம் சேர்ந்து போகின்றன.

நம் தங்கவயலில் 1880இல் தொடங்கிய கம்பெனி மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மரியென்தாலும் நம் ஊரும் ஒன்றல்ல. இங்கே மாரிகுப்பத்திலிருந்து ரயில் இருக்கிறது. விடியுமுன் ஏறி, பெங்களூரில் வேலை செய்து, இருட்டியபின் திரும்புகிறவர்கள் ஏராளம். ஆனால் வேலை இழந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டவரைச் "சோம்பேறி" என்று சொல்லும் வழக்கம் எந்த ஊரிலும் உண்டு. அப்படிச் சொல்பவர்கள் மரியென்தால் கணக்கைப் பார்க்க வேண்டும். அது சோம்பல் அல்ல, அடிபட்ட மனம்.

மனதுக்கும் வைத்தியம்

அடிபட்ட மனதைக் கவனிக்கும் கிளை மருத்துவ உளவியல். அதே வியன்னாவில் ஃபிராய்டு என்ற மருத்துவர், நோயாளியைப் பேச வைத்தே வைத்தியம் செய்ய முயன்றார். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922இல் அதற்கு ஒரு சங்கம் தொடங்கினார். ஃபிராய்டுடன் கடிதத்தில் வாதமும் செய்தார். அவர்கள் சொன்னதில் பலவற்றை இன்று பலர் ஏற்பதில்லை. பேசினால் பாரம் குறையும் என்பது மட்டும் நிலைத்துவிட்டது.

பெங்களூரில் 1954இல் மனநலத்துக்கு ஓர் அகில இந்திய நிலையம் தொடங்கியது. 1974இல் அது அங்கிருந்த மனநல மருத்துவமனையோடு சேர்ந்து நிம்ஹான்ஸ் ஆனது. அங்கே இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். மனநல மருத்துவர் டாக்டருக்குப் படித்தவர். மருந்து எழுதுவார். உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேசுவார், சோதனை செய்வார், பயிற்சி கொடுப்பார். சிலருக்கு ஒருவர் போதும். சிலருக்கு இருவரும் வேண்டும்.

இவை எல்லாம் இருந்தும் ஏர்வாடியில் நடந்ததை மறக்க முடியாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஊர் அது. 2001 ஆகஸ்டு 6 அன்று மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. வேண்டுதல் செய்வது அவரவர் நம்பிக்கை. கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ போகலாம். ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

எப்போது போவது? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, சும்மா அழுகை வருகிறது என்றால் போகலாம். யாரும் பேசாமலே குரல் கேட்டால் போகலாம். குடியை விட நினைத்தும் முடியவில்லை என்றால் போகலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவே கூடாது. அந்த ஆளைத் தனியே விடவும் கூடாது.

மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். உடனே பேச வேண்டுமானால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது டெலி மானஸ் என்ற அரசுச் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இரவும் பகலும் உண்டு. காசு இல்லை. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போங்கள். முதல் நாளே ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள். தொல்லை எப்போது தொடங்கியது. தூக்கம் எத்தனை மணி. இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். குடி உண்டா, எவ்வளவு. டாக்டர் முன் பலருக்கு வாய் வராது. அப்போது அந்தத் தாளை நீட்டினால் போதும்.