பழைய வடிகட்டியைப் புதிய தொட்டியில் பொருத்துமுன்: மலையக மீன் வளர்ப்போருக்கான சுத்திகரிப்பு முறை

மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சுத்தன்மையான அமோனியாவை, தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் பக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் செரமிக் வளையங்களிலுமே குடியிருக்கின்றன. நோய்க்கிருமிகளும் அங்கேயே தங்கக்கூடுமாதலால், எதைக் காப்பது, எதை அழிப்பது என்பதைக் கழுவுமுன்பே தீர்மானிக்க வேண்டும். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், அதைவிடத் தாழ்ந்த ஹட்டனிலும் நிலவும் குளிரில் நல்ல பக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகும். வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் வாழ்க்கை வட்டமும் நீளுமாதலால், ஈரமான வடிகட்டியைச் சில நாள் ஒதுக்கி வைப்பதால் மட்டும் அது ஒழிந்துவிடாது.

1. பழைய தொட்டியில் நோயோ காரணம் தெரியாத இறப்போ அண்மையில் நிகழவில்லையெனில், பஞ்சை அத்தொட்டி நீரிலேயே இலேசாகப் பிழிந்து, உலரவிடாமல் உடனே புதிய தொட்டிக்கு மாற்றலாம். நகரக் குழாய் நீரிலுள்ள குளோரீன் நல்ல பக்டீரியாக்களைக் கொன்றுவிடுமாதலால் அந்நீரில் கழுவலாகாது.

2. நோய் இருந்திருந்தால், அல்லது வடிகட்டி பிறரிடமிருந்து வாங்கப்பட்டதாயின், மின் இணைப்பைத் துண்டித்து, பஞ்சு, வளையங்கள், கரி ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். நுண்துளைகளின் ஆழத்தில் உள்ள கிருமிகளை முற்றாக நீக்குவது கடினம்.

3. மீன்களுக்குக் காசநோய் போன்ற பாதிப்பைத் தரும் மைக்கோபக்டீரியம் மரினம் என்னும் கிருமி, தோலிலுள்ள கீறல் வழியே மனிதருக்கும் தொற்றக்கூடியது. கொழுந்து பறிப்பதாலும் கவ்வாத்து வெட்டுவதாலும் விரல்களில் கீறல் உள்ளவர்கள் இறப்பர் கையுறையின்றி இவ்வேலையில் இறங்கலாகாது.

4. பெட்டி, குழாய்கள், மோட்டார் சுழற்றும் சிறு விசிறி ஆகியவற்றிலுள்ள பாசியையும் வழுவழுப்பையும் பழைய பற்தூரிகையால் தேய்த்து நீக்க வேண்டும். அழுக்குப் படலம் எஞ்சினால் கிருமிநாசினி உள்ளே செல்லாது. சவர்க்காரம் பயன்படுத்தலாகாது.

5. வாசனை சேர்க்காத, 5 சதவீத வீட்டு பிளீச் திரவத்தில் ஒரு பங்கை 19 பங்கு நீருடன் கலந்து, அதாவது 10 லீற்றர் கலவைக்கு 500 மில்லிலீற்றர் என்ற அளவில், பிளாஸ்டிக் பாகங்களை அரை மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் ஊறவைக்கலாம். சுண்ணப் படிவை நீக்க வினாகிரி உதவுமெனினும், பிளீச்சுடன் அது சேர்ந்தால் நச்சுக் குளோரீன் வாயு எழுமாதலால் இரண்டையும் ஒருபோதும் கலக்கலாகாது.

6. பாகங்களைப் பலமுறை அலசி, மீன் கடைகளில் கிடைக்கும் குளோரீன் நீக்கி கலந்த நீரில் ஊறவைத்து, மணம் முற்றாக அகலும்வரை உலர்த்த வேண்டும். மழையும் மூடுபனியும் நீடிக்கும் மாதங்களில் முற்றத்து வெயிலை நம்பாமல், அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில், தீயிலிருந்து விலக்கி, பல நாள் வைப்பது பயன் தரும்.

7. கழிவுநீரைத் தேயிலை மலைக் கானில் ஊற்றலாகாது. நானு ஓயா, கொத்மலை ஓயா வழியாக மகாவலியையும், ஹட்டன் பக்கத்து ஓடைகள் சில களனி கங்கையையும் அடைகின்றன. அவற்றுக்கு இடையே பீலித் தண்ணீரை நம்பி வாழும் லயங்கள் உள்ளன. பிளீச் கலவையில் குளோரீன் நீக்கியைச் சேர்த்து, பீலிக்கும் ஓடைக்கும் தொலைவிலுள்ள மண்ணில் ஊற்றுவதே பொறுப்பான செயல்.

8. இவ்வாறு சுத்திகரித்த வடிகட்டியில் பக்டீரியாக்கள் எஞ்சியிராதபடியால், புதிய பஞ்சைப் பொருத்தி, ஓரிரு மீன்களுடன் குறைந்த தீனியில் தொடங்கி, அமோனியாவைச் சோதித்தபடி மெல்ல மீன்களைக் கூட்ட வேண்டும். வெப்பமான ஊர்களிலேயே சுமார் ஆறு வாரம் பிடிக்கும் இக்குடியேற்றம் மலையகத்தில் மேலும் நீளும். அந்தக் காத்திருப்பையும் சுத்திகரிப்பின் ஒரு படியாகவே கொள்பவரின் தொட்டியில்தான் மீன்கள் நலமாக வாழும்.