முப்பது நிமிஷத்துக்கு ஒரு நொடி குறைவு

அன்பு மருமகன் ஜீவாவுக்கு,

கொருக்குப்பேட்டையிலேர்ந்து மாமா எழுதிக்கொள்வது. வடபழனி ரூம்ல நீ ஒழுங்கா சாப்பிடுறியான்னு நான் கேக்கப்போறதில்ல. அதை உங்கம்மா மூணு வேளையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கா. நான் சொல்ல வந்தது வேற. நேர்ல சொன்னா நீ போனைத் தள்ளிக்கிட்டே தலையாட்டுவ. தலை எதுக்கு ஆடுதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதான் காகிதம்.

போன வாரம் ரயில்வே கேட்டாண்ட டீக்கடையில நீயும் உன் கூட்டாளியும் போட்ட சண்டைய முழுசா கேட்டேன்டா. ஒருத்தன் 8கே இல்லாம இனிமே கல்யாண ஆர்டரே வராதுங்கிறான். இன்னொருத்தன் 4கே-ல 120 ஃபிரேம் போதும், ஸ்லோமோஷன்லதான் காசுங்கிறான். கூட்ஸ் வண்டி ஒண்ணு போய் முடிஞ்சு, கேட்டு தொறந்து, லாரியெல்லாம் ஹாரன் அடிச்சு ஓய்ஞ்சு, திரும்ப கேட்டு மூடுற வரைக்கும் உங்க பஞ்சாயத்து தீரல. நடுவுல கடைக்காரர் கூட ஒரு கட்சியில சேந்துட்டாரு.

இப்ப நீ இஎம்ஐ போட்டு கேமரா வாங்கப்போறேன்னு உங்கம்மா கண்ணைக் கசக்குறா. நான் வேணாம்னு சொல்ல வரல. "கேமராவுல என்னப்பா இருக்கு, பாக்குற கண்ணுலதான் இருக்கு"ன்னு பெருசுங்க சொல்லுமே, அந்தக் கூட்டத்துல நான் சேத்தி இல்ல. கேமரா முக்கியம்தான். நம்பரும் முக்கியம்தான். அந்த டப்பா மேல அச்சடிச்சிருக்கிற ஒவ்வொரு நம்பரும் எங்கேர்ந்து வந்துச்சு, யாரு வெச்சது, எதுக்காக வெச்சதுன்னு நீ கேக்க மாட்டேங்கிற. எனக்கு அதுதான் கவலை.

முன்னே ஒரு நாள் எனக்குப் பாடம் எடுத்தியே, ஞாபகம் இருக்கா? "போட்டோ கேமராவுல வீடியோ எடுத்தா 29 நிமிஷம் 59 நொடியில தானா நின்னுடும் மாமா, அதுக்கு மேல போனா சென்சார் சூடாயிடும்"னு. நான் ராஜாஜி சாலையில கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல தலைமுடி நரைச்சவன்டா. கஸ்டம்ஸ் ஹவுஸ் படிக்கட்டுல ஏறி இறங்கியே முட்டி தேஞ்சவன். சென்சார் சூடாகிறது நிஜம்தான். ஆனா அந்த 29:59 சூட்டுலேர்ந்து வந்ததில்ல, கஸ்டம்ஸ் டூட்டியிலேர்ந்து வந்தது. சூட்டுக்கு என்ன தெரியும், முப்பது நிமிஷத்துக்குச் சரியா ஒரு நொடி முன்னாடி நிறுத்தணும்னு? அப்போ ஐரோப்பாக்காரன் சட்டத்துல, நிறுத்தாம 30 நிமிஷமோ அதுக்கு மேலயோ பதிவு பண்ணா அது வீடியோ கேமரா, டூட்டி கூட இருந்துச்சு. ஒரு நொடி கொறஞ்சா அதே பொருள் போட்டோ கேமரா. கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்? ஒரு நொடிய வெட்டிட்டான். உலகம் பூரா அதே டப்பாவை வித்தான். நம்ம ஊரு மண்டபத்துல, மாப்பிள்ளை தாலியத் தூக்குற நேரத்துல கேமரா நின்னு போனதுக்கு எங்கியோ இருந்த டூட்டி அட்டவணை காரணம்.

நம்ம நாட்டுலயும் இந்த வம்பு இருந்துச்சு. 2012-ல வந்த அறிவிப்புல, டிஜிட்டல் போட்டோ கேமராவுக்கு அடிப்படை டூட்டி கெடையாதுன்னு சொல்லிட்டு, கூடவே ஒரு கொக்கி போட்டாங்க. 800-க்கு 600 புள்ளி, நொடிக்கு 23 ஃபிரேம், ஒரே மூச்சுல 30 நிமிஷம், இது மூணும் முடியும்னா அந்தச் சலுகை கெடையாது. மெமரி கார்டு மாத்திப் பெருசு பண்ணா எவ்ளோ நேரம் ஓடும்ங்கிறதையும் கணக்குல எடுக்கணும். அந்த வருஷம் டெல்லியில வந்து இறங்கின கேமராங்களுக்கு சலுகை குடுத்து அனுப்பிட்டாங்க. 2014-ல வருவாய் புலனாய்வுக்காரங்க அந்தச் சலுகை செல்லாதுன்னு நோட்டீஸ் விட்டாங்க. கேனான், நிக்கான், சோனின்னு நீங்க டீக்கடையில கட்சி பிரிச்சு அடிச்சிக்கிறீங்களே, அந்த மூணு பேரும் சுப்ரீம் கோர்ட்டுல ஒரே பக்கம் நின்னாங்க. 2021 மார்ச்ல தீர்ப்பு அவங்க பக்கம் வந்துச்சு. ஆனா கேமராவப் பத்தி கோர்ட்டு முடிவு சொல்லல. நோட்டீஸ் விட்ட அதிகாரிக்கு அந்த அதிகாரம் இருக்கா இல்லியாங்கிறதுலயே கேஸ் நின்னு போச்சு. 2024 நவம்பர்ல மறுசீராய்வுல அந்தத் தீர்ப்பே மாறி, அதிகாரம் உண்டுன்னு ஆச்சு. எங்க ஆபீஸ் பசங்களுக்கு அது எவ்ளோ பெரிய சேதி தெரியுமா? கேமரான்னா என்னன்னு கேட்டா நீ லென்ஸைக் காட்டுவ. நாங்க கஸ்டம்ஸ்ல போடுற பில் ஆஃப் என்ட்ரியத்தான் காட்டுவோம்.

சரி, அடுத்த நம்பர் கரண்டுலேர்ந்து வந்தது. கேனான் 5டி மார்க் 2 வந்தது 2008-ல. போட்டோ கேமராவுலயே முழு எச்டி வீடியோ. ஊரே ஆடிப்போச்சு. ஆனா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, அதனால பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்னுடும். அதை விடப் பெரிய தலைவலி, நொடிக்கு 30 ஃபிரேம் மட்டும்தான். 24-ம் 25-ம் 2010-லதான் சாஃப்ட்வேர் மாத்திக் குடுத்தாங்க. 25-க்கு எதுக்கு இவ்ளோ ஏக்கம்னா, நம்ம டிவி கணக்கு 25, நம்ம வீட்டுக் கரண்டு நொடிக்கு 50 சுத்து. சோக்கு போட்ட டியூப்லைட்டு நொடிக்கு நூறு தடவை மினுக்கும்; நம்ம கண்ணு கண்டுக்காது, கேமரா கண்டுக்கும். ஷட்டரை 60-ல வெச்சா ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சத்த ஒவ்வொரு மாதிரி வாங்கும், கறுப்புப் பட்டை மேலேர்ந்து கீழ ஊர்ந்துக்கிட்டே இருக்கும். 50-ல வை, இல்ல 100-ல வை, அடங்கிடும். அமெரிக்காவுல கரண்டு 60 சுத்து, அவன் 60-ல வெக்கிறது அவனுக்குச் சரி. நீ அவன் சொல்லித்தர்ற வீடியோவப் பாத்து அப்படியே வெச்சு, உன் சித்தி பொண்ணு வளைகாப்புல எல்லார் மூஞ்சியிலயும் பட்டை ஓட விட்டுட்ட. கேட்டா "சீப் கேமரா மாமா"ன்ன. கேமரா என்னடா பண்ணும் பாவம்.

இதுலயே இன்னொண்ணு. அமெரிக்காவுலேர்ந்தோ ஜப்பான்லேர்ந்தோ யாராவது கொண்டு வந்து மலிவா தர்றேன்னா உடனே பல்லைக் காட்டாத. அந்த ஊருக்குன்னு செஞ்ச சில பழைய மாடல்ல 25, 50 ரெண்டுமே கெடையாது. ஜப்பான் கேமரா சிலதுல மெனுவே ஜப்பான் பாஷையிலதான் இருக்கும். பில்லு இருக்கான்னு பாரு, வாரண்டி நம்ம ஊர்ல செல்லுமான்னு பாரு. 1969-ல பர்மாவுலேர்ந்து வந்தவங்க பொழைக்கறதுக்காக வெச்ச பர்மா பஜாரை தினம் தாண்டித்தான் நான் ஆபீஸ் போனேன். டூட்டி கட்டாத பொருளோட பளபளப்பு எப்படி ஆளை மயக்கும்னு எனக்கு நீ சொல்லித்தர வேணாம்.

8கே கட்சிக்காரன் நீதானே? 2020-ல கேனான் ஆர் 5 வந்தப்போ 8கே எடுத்தா சுமார் 20 நிமிஷம் தாங்கும்னு கம்பெனியே சொல்லிச்சு. எந்தச் சூட்டுல? 23 டிகிரியில. மார்கழி விடியக்காலையில கோலம் போடுற நேரத்துக்கு நம்ம தெருவுல 23 டிகிரி கெடைக்கும். வைகாசி முகூர்த்தத்துல, ஏசி வேலை செய்யாத மண்டபத்துல, ஓமப்புகை நடுவுல? அப்புறம் இடம். 4கே-ல நொடிக்கு 100 மெகாபிட்டுன்னு சாதாரணமா எடுத்தாலே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா, எட்டு மணி நேரம்னா 720 ஜிபி. அதை ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வெக்கணும், எடுக்கலன்னா நீ தொழில்காரனே இல்ல. அந்த ஹார்டு டிஸ்க் காசை இஎம்ஐ கணக்குல போட்டியா? கல்யாண வீட்டுக்காரங்க கடைசியில பாக்குறது வாட்ஸ்அப்புல, அதுவும் போனை நிமித்திப் புடிச்சுக்கிட்டு.

4கே-வக் கிண்டல் பண்றேன்னு நெனைக்காத. ஒரே கேமராவ அகலமா வெச்சு எடுத்துட்டு, அப்புறம் அதுக்குள்ளயே மணப்பொண்ணு மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்து எச்டி-யில குடுக்கலாம். தனியாப் போற உனக்கு அது ரெண்டாவது ஆள் மாதிரி. அந்தக் காரணத்துக்காக வாங்குறேன்னா நானே கூட வர்றேன் கடைக்கு.

ஆனா உங்க சண்டையில ஒருத்தன் கூட எடுக்காத நம்பர் ஒண்ணு இருக்கு: 8-பிட்டா, 10-பிட்டா? 8-பிட்டுல சுமார் 1.67 கோடி நிறம், 10-பிட்டுல 107 கோடி. எடுத்ததுக்கு அப்புறம் கலரை இழுத்துப் புடிச்சு மாத்துறப்பதான் அந்த வித்தியாசம் தெரியும். நான் அந்தக் காலத்துல முகூர்த்த நாள்ல தண்டையார்பேட்டையில ஒரு சிநேகிதன் வீடியோ கடைக்காக சன் கன் புடிச்சிருக்கேன். அவன் தோள்ல வி.எச்.எஸ். கேமராவத் தூக்கி வெச்சுக்கிட்டு நடக்க, நான் பின்னாடியே லைட்டைத் தூக்கிக்கிட்டு ஒயரையும் இழுத்துக்கிட்டு ஓடுவேன். அந்த வெளிச்சத்துல எல்லாரும் வெள்ளையா வெளுத்துப்போவாங்க. கறுப்பா லட்சணமா இருந்த பொண்ணு, கேசட்டுல வேற யாரோ மாதிரி இருப்பா. அந்தக் கேமராவுக்கு அவ்ளோதான் கண்ணு, வேற வழியில்ல. இன்னிக்கு உன் கேமரா நம்ம தோலோட நிறத்த அப்படியே வாங்குது. நீ என்னடான்னா எடிட்டிங்ல உக்காந்து மறுபடி வெளுக்குற! எதுக்குடா அத்தனை கோடி நிறம்?

அதே கையோட இன்னொரு கொடுமையும் பண்ற. கானா பாட்டு வீடியோ எடுத்தியே நம்ம தெருவுல, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தெருவ ஏன் மண்ணுல முக்கி எடுத்த மாதிரி பழுப்பாக்குன? சினிமாக்காரங்க வடசென்னைன்னாலே துருவும் புகையும்னு ஒரு சாயம் வெச்சிருக்காங்க. வெளியூர்க்காரன் பூசுறான், சரி. மூணாவது வீட்டுக்காரங்க பொங்கலுக்கு அடிச்ச பச்சை பெயின்ட்டு உனக்குத் தெரியும், ஆயா வீட்டு வாசல் நீலக் கதவும் தெரியும். ஆட்டோவோட மஞ்சள் கூட உன் வீடியோவுல செத்துப்போச்சு. எனக்கு அதுல கோவம்தான், மறைக்க மாட்டேன்.

சத்தத்தைப் பத்தி நீளமா எழுதல. கேமரா மைக்கை ஆட்டோ மோடுல விட்டா, நாதஸ்வரம் நின்ன உடனே அதுவே காதைத் தீட்டிக்கிட்டு மின்விசிறி இரைச்சலையெல்லாம் மேல தூக்கும். மைக் அளவைக் கையால வை, காதுல ஹெட்போன் மாட்டு. இஎம்ஐ-யில ஒரு மாசக் காசுக்கு நல்ல காலர் மைக்கே வரும்.

"வழக்கு எண் 18/9" பாத்திருக்கியா? 2012-ல வந்தது, பாலாஜி சக்திவேல் படம். விஜய் மில்டன் அதை கேனான் 5டி போட்டோ கேமராவுலதான் எடுத்தாரு. சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருது வாங்குச்சு. அதை எடுத்த கேமராவ விட, அந்தக் கதைக்குள்ள வர்ற கேமராவ நீ கவனிக்கணும். ஒரு பையன் தன் போன்ல, ஒரு பொண்ணுக்குத் தெரியாம அவளைப் படம் புடிக்கிறான். அங்கேர்ந்துதான் எல்லாக் கேடும். நீ சாவு ஊர்வலத்துல, குழாயடியில, மீன் மார்க்கெட்டுல எல்லாம் கேமராவத் தூக்குற. கேட்டுட்டு எடு. வேணாம்னா இறக்கிடு. எடுத்தப்புறம் "அழிச்சிடு தம்பி"ன்னு ஒரு அம்மா சொன்னா, அவங்க கண்ணெதிர்ல அழி. இதுக்கு டப்பா மேல நம்பர் கெடையாது.

ஒரிஜினல் ஃபைலை மட்டும் யாருக்காகவும் வாட்ஸ்அப்புல தள்ளிட்டு இங்க அழிச்சுடாத. 2023 டிசம்பர்ல, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவினப்போ, கறுப்பு அப்பிப்போன படகையும் பறவையையும் ஜனங்க போன்ல எடுத்து அனுப்பினதை வீடு வீடா பாத்தோம். பசுமைத் தீர்ப்பாயம் தானாவே வழக்கா எடுத்துக்கிச்சு. அந்த மாதிரி ஒரு நாள் உன் கையில கேமரா இருந்தா, என்னிக்கு எத்தனை மணிக்கு எடுத்ததுங்கிறது ஒரிஜினல்லதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். வாட்ஸ்அப்பு அதை உரிச்சிடும். கேமராவுல தேதியும் மணியும் சரியா வெச்சிருக்கியா? போன தடவை பாத்தப்போ 2000 ஜனவரி 1-ன்னு காட்டிச்சு. நீயே அப்ப பொறக்கல.

லென்ஸை பீரோவுல துணி நடுவுல வெக்காத. நம்ம பக்கம் உப்புக்காத்தும் ஈரமும் சேந்தா கண்ணாடிக்குள்ள பூஞ்சை பூக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வை. பொட்டலத்துக்கு நான் பொறுப்பு. எங்க பழைய ஆபீஸ்ல கேட்டா ஒரு பை நிறைய குடுப்பானுங்க.

இப்ப என் யோசனைய சொல்றேன். உங்கம்மா சங்கிலியத் தொடாத, இஎம்ஐ ஃபாரத்துல கையெழுத்தும் போடாத. உன் கட்சிக் கேமராவையும் உன் கூட்டாளி கட்சிக் கேமராவையும் ஒரு நாள் வாடகைக்கு எடு. தை மாசம் பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு நான் சொல்லி வெச்சிருக்கேன், ரெண்டுலயும் எடுங்க. எடுத்ததை அவங்க வீட்டு டிவியில, அவங்க கூடவே உக்காந்து பாருங்க. எது எந்தக் கேமரான்னு சொல்லாதீங்க. அந்த வீட்டுப் பாட்டி எதைக் காட்டி "இது நல்லா இருக்கு"ங்குதோ, அதை எழுதி வெச்சுக்கிட்டு எனக்குப் போன் பண்ணு. வாடகையில பாதி நான் தர்றேன். மீதிய உன் கூட்டாளிகிட்ட வாங்கு, அவன்தான் அவ்ளோ பேசினானே.

உங்கம்மாகிட்ட பாதி காசு விஷயத்தைச் சொல்லாத.

அன்புடன்,
மாமா