பூனைக் கழிமணலை அகற்றும் முறை

நெல் மூடைகளை எலிகளினின்று காக்கும் பொருட்டுப் பூனை வளர்க்கும் வழக்கம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உண்டு. மாரி காலத்தில் வளவு ஈரமாகிவிடுதலால், மணல், சாம்பல் அல்லது உமி இட்ட பெட்டியொன்றை வீட்டினுள் அதற்கு வைத்துக் கொடுப்போரும் உளர். பெட்டி வைத்தல் நன்றே. ஆயின் அழுக்கடைந்த மணலைச் சிலர் மலசலகூடத்தில் கொட்டி நீரூற்றுகின்றனர். சிலர் மரக்கறிப் பாத்தியோரத்தில் எறிகின்றனர். வேறு சிலர் வாவியில் வீசுகின்றனர். மூன்றும் கேடு தருவனவே.

நீரூற்றும் மலசலகூடத்தின் இருக்கைக்குக் கீழே வளைந்த குழாயொன்று உண்டு. அதில் எப்பொழுதும் நிற்கும் சிறிதளவு நீரே துர்நாற்றமும் ஈக்களும் மேலே வாராது தடுக்கும் நீரடைப்பாகும். வாளி நீரின் வேகம் மலத்தைக் கொண்டு செல்லும். பாரமான மணலை வளைவின் அடியிலேயே விட்டுச் செல்லும். நாடோறும் ஒரு கைப்பிடி சேரினும் நாளடைவில் வழி ஒடுங்கிவிடும். நகரக் கடைகளில் விற்கும் பென்தனைற்றுக் களிமண் இன்னும் பொல்லாதது. ஈரம் பட்டதும் பருத்துக் கட்டியாகும். பெட்டியில் அதன் சிறப்பெனப்படுவது இக்குணமே. குழாயினுள் வினையாவதும் இதுவே. அடைபட்ட வளைவை அலவாங்கினால் இடித்தல் கூடாது. வளைவு வெடித்தால் சீமெந்துத் தளத்தையே உடைக்க நேரும். இறப்பர்க் கையுறை அணிந்து, மணலைச் சிறிது சிறிதாக அள்ளி வெளியேற்றுதலே தக்கது. வளைவைத் தாண்டிய மணலும் அழிவதில்லை; மலக்குழியை நிரப்பி அதன் ஆயுளைக் குறைக்கும்.

குழாயினும் மேலாகக் கவனிக்க வேண்டியது நோயாகும். பூனையின் மலத்தில் தொக்சோபிளாசுமா எனும் ஒட்டுண்ணியின் நுண்முட்டைகள் இருத்தல் கூடும். இவ்வுயிரி 1908 இல் அறியப்பட்டதாயினும், பூனையின் பங்கு 1970 ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. வெளிவந்த முட்டைகள் உடனே தொற்றா. 1 முதல் 5 நாட்களில் அவ்வலிமை பெறும். ஆதலின் பெட்டியை நாடோறும் துப்புரவு செய்தல் வேண்டும். ஈரமண்ணில் அவை ஓராண்டுக்கு மேலும் உயிர்தரிக்கும். குளோரீனுக்கும் எளிதில் அழியா. கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால், சிசுவின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆட்டுத் தீனியில் கலந்தால் ஆடுகளில் கருச்சிதைவு உண்டாகலாம். எனினும் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. தொற்றிய பூனையும் பெரும்பாலும் சில கிழமைகளே முட்டைகளை வெளியிடும்.

களுதாவளை போன்ற எழுவான்கரை ஊர்களின் மணற்றோட்டங்களில், புதிதாகக் கிளறிய நாற்றுமேடையைப் பூனை தன் பெட்டியெனவே கொள்ளும். மேடைமீது முட்கிளைகளைப் பரப்பி அதனை விலக்கலாம். பச்சையாக உண்ணும் வல்லாரை, தக்காளி முதலியவற்றை நன்கு கழுவுதல் அவசியம்.

கழிமணலுக்கெனத் தனிக் குழி வேண்டும். வெள்ளம் நில்லாத மேட்டில், கிணற்றுக்கும் வாவிக்கும் 50 அடிக்குக் குறையாத தூரத்தில், மரக்கறிப் பாத்திகளை விட்டு விலகி அது அமைதல் வேண்டும். மாரியில் இப்பகுதியின் நிலக்கீழ் நீர் மேலெழுதலால், குழியை 1½ அடிக்கு மேல் ஆழமாக்கலாகாது. அன்றன்றைய கழிவை இட்டு மண்ணால் மூடுக. குழி அரை அடி குறைவாக நிரம்பியதும் முழுதும் மண்ணிட்டு வேறு குழி தோண்டுக. கூட்டெருக் குவியலில் இடுதல் ஆகாது. வீட்டுக் குவியலின் சூடு எங்கும் ஒரே அளவாய்ப் பரவுவதில்லை. மேட்டு நிலம் இல்லாதோர் இரட்டைப் பையிற் கட்டி, பிரதேச சபை குப்பை சேகரிக்கும் இடங்களில் ஒப்படைக்கலாம்.

முகத்துவாரம் மணற்றிட்டால் அடைபட்டிருக்கும் காலத்தில் வாவியில் எறிந்தது கடலுக்குச் செல்லாது அங்கேயே தங்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையோரத்தில் கடல் நீர்நாய்கள் இவ்வொட்டுண்ணியால் இறந்தமை அறியப்பட்டுள்ளது. பூனை மணற் பொதிகளில் மலசலகூடத்தில் இடலாகாதென அச்சிடவேண்டுமென்று 2006 இல் அங்கே சட்டமும் இயற்றப்பட்டது.

பெட்டியைக் கொதிநீர் ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டுக் கழுவி, அந்நீரையும் அக்குழியிலேயே ஊற்றுக. கருவுற்றவர் இவ்வேலையைப் பிறரிடம் விடுதல் வேண்டும். செய்பவர் முடிவில் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக.