அவசரம் மருத்துவமனைக்கு, அவகாசம் நீதிமன்றத்துக்கு

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் வீடு வந்து சேர்ந்ததும் காதில் விழும் முதல் வார்த்தை பெரும்பாலும் "முதல்ல போய்க் குளி" என்பதாகத்தான் இருக்கும். அடுத்தது, "வெளியே மூச்சு விடாதே." இரண்டையும் சொல்பவர்கள் வேண்டாதவர்கள் இல்லை; அம்மாவோ அக்காவோ அத்தையோதான். சில வாரம் கழித்து அதே வீட்டில் வேறொருவர் வந்து, "அன்னைக்கே போயிருக்கணும். இனிமே கேஸ் நிக்காது" என்பார். எதற்கு ஓட வேண்டுமோ அதை ஆறப் போடுவதும், எதற்கு அவகாசம் இருக்கிறதோ அதற்குக் கெடு வைப்பதுமாக எல்லாம் தலைகீழாகவே நடக்கிறது. 1983, 2013, 2018, 2024 என்று சட்டம் பல முறை மாறிவிட்டது. வீட்டுக்குள் நடக்கும் பேச்சு மாறக் காணோம்.

"போலீஸ் பேப்பர் இல்லாம ஆஸ்பத்திரியில பார்க்க மாட்டாங்க."

பார்த்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2013-லிருந்தே சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 397-ஆம் பிரிவு. மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆர் இருந்தால்தான் தொடுவோம் என்று சொல்லக் கூடாது என்கின்றன மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும், அது அதன் கடமை. ஆனால் வயது வந்த பெண் ஒருவர் வழக்கு வேண்டாம் என்றால், அதை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டுமே தவிர வாசலைக் காட்டக் கூடாது. பரிசோதனையிலும் எந்தக் கட்டத்திலும் அவர் 'வேண்டாம்' என்று சொல்லலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் கதை வேறு. போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மணிக்கணக்கு பார்க்க வேண்டிய இடம் மருத்துவமனைதான். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள். ஐந்து நாள் வரை கொடுக்கலாம், பலன் குறைந்துகொண்டே போகும். பால்வினை நோய்களுக்கான மருந்தும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இதோடு சேர்ந்தவை. உடலிலிருந்து தடயம் எடுக்க 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு.

தடயம் எடுப்பதை நெறிமுறை எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது என்பதைப் பார்த்தால் "முதல்ல குளி" எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும். தரையில் பெரிய காகிதம் ஒன்றை விரித்து, அதன் மேல் நின்றபடிதான் அந்தப் பெண் உடை மாற்ற வேண்டும். துணியிலிருந்து உதிரும் முடி, நூல், மண் எதுவும் தப்பாமல் அந்தக் காகிதத்தோடே மடித்து எடுக்கப்படும். ஒவ்வொரு துணியும் நிழலில் உலர்த்தப்பட்டு, தனித்தனிக் காகித உறையில் போய், பெயர், தேதி, கையெழுத்தோடு முத்திரையிடப்படும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடித்தால் டி.என்.ஏ. வீணாகிவிடும். வீட்டிலிருந்து துணியை எடுத்துப் போகிறவர்களும் துவைக்காமல், காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோவது நல்லது. ஏற்கெனவே குளித்தாயிற்று, துவைத்தாயிற்று என்றாலும் போகலாம், போக வேண்டும். மருந்துக்காகவாவது.

"உடம்புல ஒரு கீறல்கூட இல்லையே!"

இந்த வாதத்தை உச்ச நீதிமன்றமே ஒருமுறை ஏற்றுக்கொண்டது. 1972-இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் வைத்து ஒரு பதின்வயது ஆதிவாசிப் பெண் இரண்டு காவலர்களால் சிதைக்கப்பட்டார். காயம் இல்லை, கூச்சலிடவில்லை என்பதையெல்லாம் காரணம் காட்டி 1978-இல் அந்த இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979-இல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிதலும் சம்மதித்தலும் ஒன்றில்லை என்பதுதான் அதன் சாரம். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்காததையே சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2013-இல் சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. பயத்தின் உச்சியில் உடல் உறைந்து நின்றுவிடுவது மருத்துவம் நன்கு அறிந்த எதிர்வினை. அதைக் கோழைத்தனம் என்பவர்கள் அந்த நிலைமையில் இருந்ததில்லை.

கீறல் தேடும் இந்த வாதத்தின் கூடப்பிறந்ததுதான் 'ஏற்கெனவே பழக்கப்பட்டவளா' என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனை. அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராவார் என்று 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சோதனையைத் தடைசெய்யச் சொல்லியிருந்தது. எந்த மருத்துவராவது இதற்கு முயன்றால் மறுக்கலாம், புகாரும் செய்யலாம்.

"லேட்டாப் போனா கேஸ் நிக்காது."

வாச்சாத்தி என்ற ஒரே பெயர் போதும், இந்தப் பேச்சை முடித்துவிட. தர்மபுரி மாவட்டத்தின் அந்த மலைக் கிராமத்துக்குள் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த் துறையும் புகுந்தன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் செய்தவர்கள் சீருடையோடு வெளியே நிற்க, ஊர்க்காரர்கள்தான் சிறைக்குப் போனார்கள். சி.பி.ஐ. கையில் வழக்குப் போனதே 1995-இல். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் மீது வன்கொடுமைக் குற்றம் நிரூபணமானது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023-இல் அதே தேதியில், சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. முப்பத்தொரு ஆண்டுகள். இதை வெற்றி என்று கொண்டாடவும் வாய் வரவில்லை. ஆனால் தாமதம் வழக்கைக் கொன்றுவிடும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பே கிடையாது. வன்கொடுமைக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு. தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள்தான். குடும்ப மானம், பயம், அதிர்ச்சி ஆகியவற்றால் புகார் தாமதமாவது இயல்பே என்றும், நம்பத்தகுந்ததாக இருந்தால் அந்தப் பெண்ணின் சாட்சியம் ஒன்றே போதும் என்றும் உச்ச நீதிமன்றம் 1996-லேயே குர்மீத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

காவல் நிலையத்தில் கேட்கும் வசனம் வேறு: "இது எங்க லிமிட் இல்லம்மா." எல்லை எங்கே இருந்தாலும் எந்த நிலையமும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்' என்பது அதுதான். மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் தகவல் தரலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிபவர் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பிறகு விசாரணையில் வாக்குமூலத்தை அந்தப் பெண்ணின் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, பெற்றோரோ சமூக சேவகரோ உடனிருக்க எடுக்க வேண்டும். நம் ஊரில் இன்னொரு சூட்சுமம் உண்டு: புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வன்கொடுமைப் புகாரைப் பதியாத காவல் அதிகாரிக்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டாண்டு கடுங்காவல் என்கிறது நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு.

"பேப்பர்ல பேரு வந்துரும்."

பெயரை வெளியிட்டால் இரண்டாண்டு வரை சிறை, விசாரணை மூடிய அறையில் என்பது சட்டம். ஆனாலும் இந்தப் பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல்துறை வாயிலிருந்தே வெளியே வந்தது. 2024 டிசம்பரில், வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருவரின் எஃப்.ஐ.ஆர். அடையாளங்களோடு இணையத்தில் கசிந்தது. காப்பாற்ற வேண்டியவர்களே கோட்டை விட்டார்கள். இரண்டு முறையும் உயர் நீதிமன்றம் அரசைத் தலா 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பெயர் கசிந்த பிறகும் அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. பொள்ளாச்சி வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகிளா நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள், ஜூன் 2 அன்று, குறைந்தது 30 ஆண்டு உள்ளே இருக்க வேண்டிய ஆயுள் தண்டனை வந்தது.

"அவனுக்கே கட்டி வெச்சுட்டா?" என்ற யோசனை பஞ்சாயத்தில் மட்டும் பிறப்பதில்லை. 2015-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே, தண்டனை பெற்றவனுக்கு ஜாமீன் கொடுத்து அந்தப் பெண்ணோடு சமரசம் பேசச் சொன்னார். அந்தப் பெண் முடியாது என்றார். இத்தகைய வழக்கில் சமரசம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் அடுத்த சில நாளிலேயே சொல்ல, சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கல்யாணம், ராக்கி கட்டுதல் போன்ற நிபந்தனைகள் எதையும் நீதிபதிகள் பேசக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

இழப்பீடு என்றாலே தீர்ப்புக்குப் பிறகு என்று நினைப்பவர்கள் அதிகம். இல்லை. 2018-ஆம் ஆண்டுத் தேசிய சட்டப்பணிகள் ஆணையத் திட்டப்படி வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் கேட்கலாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் பார்க்காமல், இலவச வழக்கறிஞரும் அங்கே கிடைப்பார் (தொலைபேசி 15100).

"மறந்துடு, நாளாவட்டத்தில் சரியாயிடும்" என்பதில் பாதிதான் உண்மை. தூக்கமின்மையும் திடுக்கிடலும் பலருக்குச் சில வாரங்களில், மாதங்களில் தணிகின்றன. ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கண்முன் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது உதவி ஆகாது. நினைவு முன்பின்னாக வருவதும் பொய்க்கு அடையாளமாகாது. 181-ஐ அழைத்தால் மாவட்டத்தின் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மனநல ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். மனநல ஆலோசனை மட்டும் போதுமென்றால் டெலி மானஸ் 14416. கரு தரித்திருந்தால் 24 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம்.

சில நம்பிக்கைகள் வருந்தத்தக்க வகையில் உண்மைதான். பதினெட்டு வயது நிறைந்த, சேர்ந்து வாழும் மனைவியைக் கணவன் பலவந்தம் செய்தால் அது வன்கொடுமைக் குற்றம் ஆகாது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமைக்கும் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். பிரிந்து வாழும் மனைவி என்றால் கணவன் மீது வழக்குப் போடலாம். வயது வந்த ஆணுக்கு நேர்ந்தால் பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவாவது இருந்தது. புதிய சட்டத்தில் அதுவும் இல்லை. திருநங்கைக்கு நேர்ந்தால் 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிகபட்சமே இரண்டாண்டு. நீதிமன்றக் கதவு இவர்களுக்குப் பாதிதான் திறந்திருக்கிறது. மருத்துவமனைக் கதவு அப்படியில்லை: 2014 நெறிமுறைகள் ஆண்களையும் திருநர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன, அதே 72 மணி நேரம், அதே மருந்து.