விளையாட்டுக் கடியும் வினையாகலாம்
(பூனைக்குட்டி வளர்க்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)



சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் பல வீடுகளில் பூனை உண்டு. தேங்காய்க் கொட்டிலிலும் நெல் மூட்டையிலும் எலியை அடக்க அது வேணும். ஆனால் குட்டிப் பூனை "கையைக் கடிக்குது, காலில பாயுது" என்ற முறைப்பாடும் கூடவே வரும். சிலர் அதை அடிக்கிறார்கள். சிலர் சாக்கில் போட்டுச் சந்தையடியில் விட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டும் தேவையில்லை.

ஏன் கடிக்கிறது?

பூனை வேட்டையாடிப் பிழைக்கும் பிராணி. பதுங்குவது, பாய்வது, பிடிப்பது, கடிப்பது எல்லாவற்றையும் குட்டி விளையாடித்தான் பழகுகிறது. இரண்டு, மூன்று மாத வயதில் இந்த விளையாட்டு மிகவும் கூடும். அசையும் விரலும் சேலைக் கரையும் அதற்கு எலி மாதிரித்தான். கோபத்தால் கடிப்பதில்லை.

எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதைத் தாயும் கூடப்பிறந்த குட்டிகளும் படிப்பிக்கும். பலமாகக் கடித்தால் மற்றக் குட்டி கத்தும், விளையாட்டை நிறுத்தும். ஆகவே எட்டுக் கிழமையாவது குட்டியைத் தாயோடு விடுங்கள். முந்திப் பிரித்த தனிக்குட்டிக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை.

எப்படித் திருப்புவது?

1. கையை விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம். குட்டியாக இருக்கும்போது விரலை ஆட்டிப் பகிடி பண்ணினால், பெரிய பூனையானதும் அதே கையைத்தான் கடிக்கும்.

2. வேறு பொருள் கொடுங்கள். ஒரு தடி நுனியில் கயிறு கட்டி, அதில் துணி முடிச்சைக் கட்டித் தரையில் இழுங்கள். பனையோலைப் பந்தும் நல்லது. விளையாடி முடிந்ததும் கயிற்றை எடுத்து வையுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்து.

3. கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடும் இரையை இன்னும் இறுக்கிப் பிடிப்பதே பூனையின் குணம். கையை அசையாமல் வைத்திருங்கள். விட்டதும் எழும்பிப் போய்விடுங்கள். கடித்தால் விளையாட்டு முடிந்தது என்று அது விளங்கிக்கொள்ளும்.

4. பூனைக்கு விடியலிலும் பின்னேரமும் துடிப்புக் கூட. அந்த நேரத்தில் பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டி, பிறகு சாப்பாடு வையுங்கள். களைத்துப் படுத்துவிடும்.

5. அடிக்க வேண்டாம். அடித்தால் கையைக் கண்டு பயப்படும். பயந்த பூனை உண்மையாகவே கடிக்கும்.

வீட்டில் எல்லோரும் இப்படியே நடக்க வேண்டும். அம்மா தடுக்க, அண்ணன் விரலை ஆட்டினால் குட்டி ஒன்றும் பழகாது.

தோலில் பல் பட்டால்?

பூனையின் பல் ஊசி போன்றது. வெளியே சின்னக் காயம், உள்ளே ஆழம். கிருமி சேர்ந்து வீங்கும். அதைவிடப் பெரிய பயம் விசர்நோய். நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். நோயின் குணங்குறி தெரிந்துவிட்டால் உயிர் தப்புவது மிக அரிது. ஆனால் அதற்கு முன்னே ஊசி போட்டால் தடுக்கலாம். 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பூசி கொடுத்து இந்த வழியைத் திறந்தார்.

எனவே கடி அல்லது விறாண்டல் பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு பூச வேண்டாம். "சும்மா விளையாட்டுக் கடிதானே" என்று இருந்துவிடாமல் அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி தேவையா என்பதை வைத்தியர் சொல்லட்டும். அங்கே காசு இல்லை. பூனையைக் கொல்லாதீர்கள், துரத்தாதீர்கள். அது கண்முன்னே இருந்தால்தான் நோய் உண்டா என்று கவனிக்கலாம். குட்டிக்கு மூன்று மாதமானதும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவியுங்கள்.

ஏச்சு விழும் என்று பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பார்கள். ஏசாதீர்கள். "கடித்தால் உடனே சொல்லு" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்
• குட்டி கடித்தால் கையை ஏன் இழுக்கக் கூடாது?
• கயிற்றை ஏன் எடுத்து வைக்க வேண்டும்?
• காயத்தை எத்தனை நிமிஷம் கழுவ வேண்டும்?