சூடானால் நிற்கும் கார்

மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டம் இருக்கிறது. அங்கே உத்தர்பாரா என்று ஓர் ஊர். அம்பாசிடர் கார்கள் அந்த ஊரில்தான் தயாராயின. 2014-ஆம் ஆண்டு அந்த வேலை நின்றது. ஆனாலும் பழைய அம்பாசிடர்கள் சிலரிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த மாவட்டத்தில் ஓர் ஓட்டுநர் இருந்தார். அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. பெட்ரோலில் ஓடும் கார். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓட்டினார். காரைப் பூவால் அலங்கரிப்பார்கள். மாப்பிள்ளை அதில் ஏறி வருவார். அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது.

ஒரு கோடையில் காருக்கு ஒரு நோய் வந்தது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு திடீரென்று நின்றுவிடும். எவ்வளவு முயன்றாலும் ஸ்டார்ட் ஆகாது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

ஒரு நாள் மாப்பிள்ளையோடு நடுவழியில் நின்றது. முகூர்த்த நேரம் நெருங்கியது. மாப்பிள்ளை வேறு வண்டியில் ஏறிப் போனார். வாடகை கிடைக்கவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தையும் திருப்பிக் கேட்டார்கள்.

ஆளுக்கு ஒரு யோசனை

"கார்புரேட்டர் கெட்டுவிட்டது. புதிதாகப் போடு" என்றார் ஒருவர்.

"பெட்ரோல் பம்ப் சூடாகிறது. ஈரத் துணி சுற்று" என்றார் இன்னொருவர்.

"பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்றார் காயலான் கடைக்காரர்.

ஓட்டுநர் ஈரத் துணி சுற்றிப் பார்த்தார். சிறிது நேரத்தில் கார் ஓடியது. துணிதான் மருந்து என்று நினைத்தார். ஆனால் மறுநாளும் கார் நின்றது.

அவர் மனைவி எழுத்தறிவு மையத்தில் படித்தவர். அவர் சொன்னார்: "ஏங்க, கார் எப்போது நிற்கிறது, எப்போது ஓடுகிறது என்று நோட்டில் எழுதுவோம். எழுதினால்தானே கணக்குத் தெரியும்?"

நோட்டில் எழுதியது

திங்கள்: பகல் 12 மணிக்குப் புறப்பட்டது. 30 நிமிடம் ஓடி நின்றது. ஈரத் துணி சுற்றினோம். 25 நிமிடம் கழித்து ஓடியது.

புதன்: பகல் 12 மணிக்குப் புறப்பட்டது. 30 நிமிடம் ஓடி நின்றது. துணி சுற்றவில்லை. 25 நிமிடம் கழித்து ஓடியது.

வெள்ளி: காலை 6 மணிக்குப் புறப்பட்டது. 45 நிமிடம் ஓடி நின்றது. பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்தோம். உடனே ஓடவில்லை. 20 நிமிடம் கழித்து ஓடியது.

இருவரும் நோட்டை எடுத்துக்கொண்டு வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனார்கள். அவர் நோட்டைப் படித்தார்.

"நல்ல வேலை செய்தீர்கள், அம்மா. துணி சுற்றினாலும் 25 நிமிடம். சுற்றாவிட்டாலும் 25 நிமிடம். அப்படியானால் காரை ஓட வைத்தது துணி அல்ல. இன்ஜின் ஆறியதுதான் காரணம்" என்றார்.

"டாங்க் மூடியைத் திறந்தது எதற்கு ஐயா? பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதால் திறந்தோம்" என்றார் ஓட்டுநர்.

"மூடியில் காற்றுத் துளை உண்டு. அது அடைத்தால் டாங்குக்குள் காற்றுப் போகாது. பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று உள்ளே போகும். கார் சீக்கிரம் ஓடும். உங்கள் காரில் அப்படி நடக்கவில்லை. எனவே மூடி காரணம் அல்ல" என்றார் மெக்கானிக்.

இன்ஜினுக்கு என்ன வேண்டும்?

பெட்ரோல் இன்ஜின் ஓட மூன்று வேண்டும். அவை பெட்ரோல், காற்று, தீப்பொறி. மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் இன்ஜின் நிற்கும்.

சூட்டில் இவை பலவிதமாகக் கெடலாம்.

பெட்ரோல் குழாய் மிகவும் சூடானால் உள்ளே பெட்ரோல் ஆவியாகும். பம்ப் ஆவியை இழுக்கும். பெட்ரோல் வராது.

சோக் மூடியபடி சிக்கிக்கொண்டால் பெட்ரோல் அதிகமாகும், காற்று குறையும். கரும்புகை வரும். பிளக்கில் கரி படியும்.

வால்வு இடைவெளி மிகவும் குறைந்திருந்தால், சூட்டில் வால்வு சரியாக மூடாது. இன்ஜினின் இழுவை குறையும்.

காயிலோ கண்டன்சரோ பழுதாகியிருந்தால், சூட்டில் தீப்பொறி நின்றுவிடும். ஆறினால் திரும்பி வரும்.

நின்றவுடன் பார்க்க வேண்டும்

"நோயாளிக்குக் காய்ச்சல் இருக்கும்போதுதான் காய்ச்சலைப் பார்க்க முடியும். கார் நின்ற உடனே சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்றார் மெக்கானிக்.

அவரும் காரில் ஏறிக்கொண்டார். அரை மணி நேரத்தில் கார் நின்றது. ஓரமாக நிறுத்தினார்கள். பெட்ரோல் ஒழுகவில்லை என்று முதலில் பார்த்தார். பிறகு உதிரி பிளக் ஒன்றை எடுத்தார். அதை பிளக் ஒயரில் மாட்டினார். பிளக்கின் உலோகப் பகுதியை இன்ஜின் மேல் படும்படி வைத்தார். ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் சாவியைத் திருப்பினார்.

தீப்பொறி இல்லை.

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். மீண்டும் அதே சோதனை. இப்போது நீல நிறத்தில் பளிச்சென்று தீப்பொறி வந்தது.

"பார்த்தாயா தம்பி? கார்புரேட்டர் மேல் குற்றம் இல்லை" என்றார் மெக்கானிக்.

ஒவ்வொன்றாக மாற்று

தீப்பொறிக்கு ஒரு பாதை உண்டு. பேட்டரியிலிருந்து மின்சாரம் காயிலுக்கு வரும். காயில் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும். டிஸ்ட்ரிபியூட்டர் அதை நான்கு பிளக்குகளுக்கும் முறைப்படி அனுப்பும். டிஸ்ட்ரிபியூட்டரில் கண்டன்சர் என்ற சிறிய பொருளும் உண்டு.

கண்டன்சர் விலை குறைவு. முதலில் அதை மட்டும் மாற்றினார். கார் பழையபடி நின்றது.

பிறகு நன்றாக ஓடும் வேறு காரிலிருந்து காயிலைக் கேட்டு வாங்கி மாட்டினார். கார் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

மெக்கானிக் அதோடு விடவில்லை. பழைய காயிலைத் திரும்பவும் மாட்டினார். அரை மணி நேரத்தில் கார் நின்றது. இனிச் சந்தேகம் இல்லை.

"காயிலுக்குள் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். சூட்டில் கம்பி விரியும். உள்ளே பழுது இருந்தால் அப்போது மின்சாரம் தடைப்படும். ஆறினால் மறுபடி சேரும்" என்று விளக்கினார்.

"ஏன் பழுதானது ஐயா?"

"வயதும் காரணம். வேறு காரணமும் உண்டு. இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விடுவாயா?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "பாட்டுக் கேட்க விடுவேன்" என்றார்.

"காயில் வீணாகச் சூடாகும். இனி அப்படிச் செய்யாதே."

புதிய காயில் வாங்கி மாட்டினார்கள். அடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளை நேரத்தோடு போய்ச் சேர்ந்தார். அன்று இரவு அந்த அம்மா நோட்டில் எழுதினார்: "சனி. 3 மணி நேரம் ஓடியது. நிற்கவில்லை. வாடகை முழுவதும் வந்தது."

கவனம்

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும்.

திறந்த இன்ஜின் அருகே பீடி, சிகரெட் கூடாது.

ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைக் கையால் தொடக் கூடாது. கடும் மின்னதிர்ச்சி ஏற்படும்.

சேலைத் தலைப்பு, துண்டு ஆகியவை சுழலும் மின்விசிறியிலும் பெல்ட்டிலும் சிக்கும். அவற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பதில் எழுதுக

1. இன்ஜின் ஓட வேண்டிய மூன்று எவை?
2. ஈரத் துணி மருந்து அல்ல என்று எப்படித் தெரிந்தது?
3. பழைய காயிலை மெக்கானிக் ஏன் திரும்பவும் மாட்டினார்?
4. உங்கள் வீட்டில் அடிக்கடி பழுதாகும் பொருள் எது? அது எப்போது நிற்கிறது, எப்போது ஓடுகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்.