வந்தோரும் வாக்குச்சீட்டும்

புலம்பெயர்தல் இசுலாமிய வரலாற்றில் ஒரு துணை நிகழ்ச்சியன்று. ஆண்டுக் கணக்கே ஹிஜ்ரத்தில்தான் தொடங்குகிறது. அதற்கும் முன்னர், கி.பி. 615-ஆம் ஆண்டளவில், மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாத முஸ்லிம்கள் சிலர் கடல்கடந்து அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை மீட்டுச்செல்லக் குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதுவரை அனுப்பினர். கிறித்தவராகிய நஜ்ஜாஷி மன்னர் ஒருதரப்புச் சொல்லை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கவில்லை. ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்களை அவையில் பேசச் செய்தார். கேட்டபின், வந்தோரை ஒப்படைக்க மறுத்தார்.

ஒப்படைப்பதா, மறுப்பதா என்னும் வினா 1994 நவம்பர் 8 அன்று அமெரிக்காவின் கலிபோர்னிய மாநிலத்தில் வாக்காளர்முன் வந்து நின்றது. அன்று மன்னரின் இருக்கையில் அமர்ந்தவர்கள் பொதுமக்களே. '187-ஆம் முன்மொழிவு' எனப்பட்ட அது, ஆவணமின்றிக் குடியேறியோர்க்கு அரசுப் பள்ளிக் கல்வியையும், அவசரச் சிகிச்சை ஒழிந்த பொதுமருத்துவ உதவியையும் மறுத்தது. அதனினும் கடுமையான விதி ஒன்றுண்டு. ஐயத்துக்குரியோரைப் பற்றிப் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும் என்றது. வருகைப் பதிவேட்டை எடுக்கும் கை காட்டிக்கொடுக்கும் கையாக வேண்டுமாம்! ஆசிரியப் பணியில் உள்ளோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

பனிப்போர் முடிந்து படைக்கலத் தொழில்கள் சுருங்கியமையால் அம்மாநிலத்தில் வேலையின்மை மிகுந்திருந்த காலம் அது. ஆளுநர் பீட் வில்சன், எல்லையைக் கடந்து மக்கள் ஓடிவரும் காட்சியைத் தொலைக்காட்சி விளம்பரமாக்கித் தேர்தலைச் சந்தித்து வென்றார். லாஸ் ஏஞ்சல்ஸ் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் மஹோனி வெளிப்படையாக எதிர்த்தும், ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் முன்மொழிவை ஆதரித்தனர். ஆதரித்தோர் அனைவரையும் கல்நெஞ்சர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. வரிப்பணம் பற்றிய கவலையும், எல்லையைக் காக்க அரசுக்குள்ள உரிமையும் பொய்யல்ல. ஆனால் அக்கவலைக்கு விலை கொடுக்க வேண்டியவர் யார்? பெற்றோர் எல்லை தாண்டியதற்குப் பிள்ளையின் படிப்பைப் பறித்தல் எந்த நீதி? ஒருவர் வினைக்கு மற்றவரைப் பொறுப்பாக்காத நெறியைத் திருமறை பலவிடங்களில் வலியுறுத்துகிறது. சமயத்தைச் சாராத அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1982-இல் டெக்சாஸ் வழக்கொன்றில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இதையொத்த முடிவுக்கே வந்திருந்தது. ஒரேயொரு நீதிபதியின் வேறுபாட்டில் அத்தனைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தப்பியது!

187-ஆம் முன்மொழிவையும் நீதிமன்றம் உடனே தடுத்தது. 1999-இல் வழக்கு முடிந்தபோது அதன் முதன்மை விதிகள் நடைமுறைக்கு வராமலே ஒழிந்தன. கருதத்தக்க விளைவு மற்றொன்று. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதும் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் சட்டபூர்வ வாழ்வு பெற்றிருந்தனர். முன்மொழிவின் அச்சமே அவர்களுள் பலரைக் குடியுரிமை பெறவும், வாக்காளராகப் பதிவு செய்யவும் தூண்டியது. பேசப்படும் பொருளாக இருந்தோர் பேசும் உரிமை பெற்றனர். அம்மாநில அரசியலின் போக்கும் பின்னர் மாறிற்று.

நாடு தழுவிய சீர்திருத்தமோ இன்னும் கைகூடவில்லை. கத்தோலிக்க ஆயர்களும் சீர்திருத்தக் கிறித்தவத் தலைவர் பலரும் ஆதரித்த மசோதா 2013-இல் செனட் அவையில் 68-க்கு 32 என நிறைவேறியது. மக்கள் பிரதிநிதிகள் அவை அதனை வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளவில்லை. நஜ்ஜாஷியின் அவையிலாவது ஜஃபர் (ரலி) அவர்களுக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது.